கடல் கடந்து கற்பிக்கப் போகுமுன்: மலையகமா, நேபாளமா, செங்குன்றத்துச் சூளையா?

என் அக்கா மகளுக்கு வயது 23. கணிதத்தில் பட்டமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுத்து ஒன்றே கால் லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறாள். நிரந்தர வேலை ஒன்றில் உட்காருவதற்கு முன்பு ஓராண்டு வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராகக் கற்பித்துவிட்டு வர வேண்டும் என்பது அவள் விருப்பம். துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவள் அப்பாவோ, "எல்லா நாட்டுக் கப்பலும் இங்கதான வருது, நீ எதுக்கு அங்க போற?" என்று கேட்டதோடு பேச்சை முடித்துக்கொண்டார். அதன் பிறகு அவள் என்னிடம் வந்து, "எந்த நாட்டுக்குப் போகலாம் சித்தி?" என்றாள்.

நான் வெளிநாட்டில் கற்பித்ததில்லை. வியாசர்பாடிப் பக்கத்து மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பள்ளிக்கு வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் வந்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை வரவேற்ற வீட்டின் பக்கமிருந்து பார்த்தவள் என்ற ஒரே தகுதியில்தான் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். அவளுக்காகத் தேடித் திரட்டிய செய்திகள் அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படக்கூடும்.

ஒரு முறை ஐரோப்பாவிலிருந்து இரண்டு இளம்பெண்கள் மூன்று வாரம் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்கள், வண்ணத்தாள் வெட்டிப் பூச்செய்யக் கற்றுக் கொடுத்தார்கள், மூன்றாம் வகுப்பே அவர்கள் பின்னால் ஓடியது. போகிற நாளன்று அவர்களும் அழுதார்கள், குழந்தைகளும் அழுதார்கள். ஆறு மாதம் கழித்து வேறு இருவர் வந்தபோது, முன்பு மிக அதிகமாக அழுத சிறுமி அவர்கள் அருகே போகாமல் என்னிடம் வந்து, "இவங்க எத்தன நாளு டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். நாள் கணக்குத் தெரிந்துகொண்ட பிறகே பழகுவது என்று எட்டு வயதில் அவள் முடிவு செய்திருந்தாள்.

இன்னொரு பெண் ஒன்பது மாதம் இருந்தாள். முதல் இரண்டு மாதங்களில் அவளால் எங்களுக்கு உதவியைவிட வேலையே அதிகம். குழந்தைகள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் அது 'ஆமாம்' என்பதா 'இல்லை' என்பதா என்று விளங்காமல் திகைத்து நிற்பாள். தெருவில் நடந்தால் "சாப்ட்டியா?" என்று எல்லாரும் ஏன் கேட்கிறார்கள், தன்னைப் பசித்தவளாக நினைக்கிறார்களா என்று வருந்தினாள். விடைபெறுகிறவர்கள் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவது அவளுக்குப் பெரும் புதிர். மூன்றாம் மாதத்தில் தமிழ் காதில் விழத் தொடங்கியது. நான்காம் மாதத்தில் ஒரு வகுப்பைத் தனியே சமாளித்தாள். ஏழாம் மாதத்தில் எழுத்துக் கூட்டத் திணறிய ஐந்து பிள்ளைகளை எங்களில் எவரையும்விடப் பொறுமையாக அவள்தான் கரையேற்றினாள். மொழி தெரியாத ஊரில் ஒருவருடைய பயன் நான்காம் மாதத்தில்தான் தொடங்குகிறது என்ற என் கணக்கு அவளைப் பார்த்து வந்தது. அமெரிக்க அரசு 1961இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பு, ஏறத்தாழ மூன்று மாதம் மொழியும் வழக்கமும் பயிற்றுவித்த பிறகு இரண்டாண்டுப் பணிக்கு அனுப்புவதும் இதே அனுபவத்திலிருந்து வந்த ஏற்பாடாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த அமைப்பில் அமெரிக்கக் குடிமக்கள் மட்டுமே சேர முடியும் என்பதால் நமக்கு அது வழியாகாது. அளவுகோலாக மட்டும் உதவும்.

இதிலிருந்து ஒரு சங்கடமான விதி கிடைக்கிறது. நம்மை அதிகமாக மாற்றக்கூடிய ஊர், மொழியும் வழக்கமும் முற்றிலும் வேறான ஊர். அங்கே நாம் நிறையக் கற்றுக்கொள்வோம், ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்க நம்மிடம் நெடுநாள் எதுவும் இருக்காது. நம்மால் முதல் வாரத்திலேயே பாடம் நடத்த முடிகிற ஊர், நம்முடைய ஊரைப் போன்றதாகவே இருக்கும். புது உலகம் பார்த்தோம் என்ற நிறைவு அங்கே குறைவு. வெளிநாட்டுத் தொண்டுக்கான விளம்பரங்கள் இரண்டும் ஒரே பொட்டலத்தில் கிடைப்பதாகச் சொல்கின்றன. நான் பார்த்த அளவில், தங்கும் காலம் நீள நீளத்தான் இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஆகவே நாட்டின் பெயரைக் கேட்பதற்கு முன்பு மாதக் கணக்கைக் கேட்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன்.

ஒப்பீட்டுக்குள்ளேயே வரக்கூடாத ஒன்றை முதலில் விலக்கிவிடுகிறேன். அது வெளிநாட்டிலுள்ள அனாதை இல்லங்களில் தன்னார்வலராகச் சேர்வது. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்தது; அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வரும் வெளிநாட்டவரும் அவர்கள் தரும் பணமும் பெருகியதால், அவர்களுக்குக் காட்டுவதற்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள்; வறிய வீடுகளிலிருந்து படிப்பு ஆசை காட்டி அழைத்துவரப்பட்டார்கள். நேபாளத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், இத்தகைய இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் விளையும் கேடுகளைத் தடுக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. பள்ளி என்று விளம்பரம் செய்துவிட்டு, மாலையில் விடுதிக் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்கும் வேலையும் உண்டு என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கத்தை அத்தோடு மூடிவிடலாம்.

அடுத்தது, கட்டணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை அனுப்பிவைக்கும் ஏஜென்சிகள். கிழக்கு ஆப்பிரிக்கா, கம்போடியா, தாய்லாந்து ஆகியவை இவர்கள் பட்டியலில் தவறாமல் இருக்கும். மாணவர்களே நடத்தும் அமைப்பான ஐசெக், 1948இலிருந்து இயங்கிவருவது, இதேபோல ஆறு முதல் எட்டு வாரத் திட்டங்களை நடத்துகிறது. அதில் கட்டணம் ஏஜென்சிகளைவிடக் குறைவு, நிர்வாகமும் இளையவர்கள் கையில். என் அக்கா மகள் முதலில் கொண்டுவந்த தாள் ஓர் ஏஜென்சியின் தான்சானியத் திட்டம்தான். வாரக் கணக்கில் டாலரில் கட்டணம், விமானச் சீட்டும் விசாவும் தனி. போக வர விமானக் கட்டணமே அவள் சேமிப்பில் பாதியை விழுங்கியிருக்கும். அந்தக் கட்டணத்தில் பள்ளிக்குப் போய்ச் சேரும் பங்கு எவ்வளவு என்று கேட்டு அவள் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, யானைக் கூட்டத்தின் படத்தோடு ஒரு விளம்பரத் தாள் பதிலாக வந்தது.

கிழக்கு ஆப்பிரிக்காவின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. உண்மையைச் சொன்னால் பட்டியலில் என்னை மிகவும் ஈர்த்த இடமே அதுதான். சுவாஹிலி பேசும் மக்கள் நேரத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள்; காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய சமூகத்தில் பிறந்த நமக்கு இது அந்நியமாக இருக்கக்கூடாது, ஆனாலும் முதல் வாரம் "2 மணிக்கு வா" என்றால் பிற்பகலில் போய் நிற்போம். தான்சானியாவில் பெரியவர்களைக் கண்டால் இளையவர் "ஷிகமோ" என்று வணங்க, பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்கிறார். ஆசிரியருக்கு "ம்வாலிமு" என்று பெயர், அந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேவை மக்கள் இன்றும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள். இவ்வளவு மரியாதை நிறைந்த வகுப்பறைக்கு நாம் போகும்போது நம் பெயர் "ம்ஹிந்தி", அதாவது இந்தியர். தலைமுறைகளாகக் கடைமுதலாளிகளாக மட்டுமே அவர்கள் அறிந்த ஓர் இனத்தின் முகம் அது. அந்த முகத்தைக் கழற்றிவிட்டு ஆசிரியையாகத் தெரிவதற்குக் காலம் பிடிக்கும். மேலும் அங்கே தொடக்கப்பள்ளிப் பாடமொழி சுவாஹிலி. ஆறு வாரத்தில் அதைக் கற்று, பின்னங்களை அந்த மொழியில் விளக்க எவராலும் ஆகாது. கம்போடியாவுக்கும் இதே விடைதான். கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் பெருமையை வைத்துக்கொண்டு ஒரு பலகையைக்கூடப் படிக்க முடியாது. நாம் பாசத்தோடு குழந்தையின் தலையில் கைவைத்து வாழ்த்துவோம். அங்கே தலையைத் தொடுவது அவமதிப்பு. நல்லெண்ணத்தோடு நீண்ட கையை முதல் நாளே பின்னுக்கு இழுக்கப் பழக வேண்டும்.

கட்டணம் இல்லாத, மாறாகப் படி கொடுக்கும் வழிகள் இரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 18 முதல் 26 வயது வரையிலானோருக்கு ஓர் இளையோர் பிரிவை வைத்திருக்கிறது. பயணமும் வாழ்க்கைச் செலவுக்கான படியும் அவர்களே தருகிறார்கள். போட்டி கடுமை, அதோடு பணிகளில் பெரும்பாலானவை அலுவலகம், களஆய்வு, தொடர்பியல் சார்ந்தவை. வகுப்பறையில் சாக்பீஸ் பிடிக்கும் வேலை அரிது. இரண்டாவது, ஜெர்மன் அரசின் 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம். ஜெர்மானிய இளைஞர்களை வெளியே அனுப்புவதற்காக 2008இல் தொடங்கிய இத்திட்டம், 2013இலிருந்து நம்மைப் போன்ற நாடுகளின் இளைஞர்களையும் ஓராண்டுக்கு அங்கே வரவழைக்கிறது. தங்குமிடம், கைச்செலவுப் பணம், காப்பீடு உண்டு. இங்குள்ள கூட்டாளி அமைப்பு ஒன்றின் வழியாகத்தான் சேர முடியும். ஜெர்மன் மொழிக்குச் சில மாதங்களாவது உழைக்க வேண்டும். மழலையர் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, "மிஸ்" என்ற சொல்லில் வளர்ந்த நமக்குச் சற்றே வலிக்கும். தன் வளர்ச்சிக்காகப் போகிறேன் என்று மறைக்காமல் சொல்கிறவர்களுக்கு இதுவே மிகச் சிறந்த வழி என்பது என் கருத்து, ஏனெனில் அங்கே பயிற்சி பெற்ற பணியாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். நாம் திணறினால் குழந்தைக்கு நட்டமில்லை.

நேபாளத்தைப் பற்றிச் சற்று நீளமாகப் பேச வேண்டும், ஏனெனில் செலவைப் பார்த்தால் நம்மவர்க்கு எட்டும் தொலைவில் இருக்கும் வேற்றுமொழி நாடு அதுதான். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாட்டு மக்களும் மற்ற நாட்டில் வசிக்கவும் தொழில் செய்யவும் இடமளிக்கிறது. கோரக்பூர் வரை ரயிலில் போய்ச் சுனௌலியில் எல்லையைக் கடக்கலாம். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய் என்ற மாற்று விகிதம் 1993இலிருந்து மாறவில்லை. மற்ற அயல்நாடுகள் பெரும்பாலானவற்றில் சுற்றுலா விசாவில் போய் வகுப்பறையில் நிற்பது முறைகேடு. பிடிபட்டால் அபராதமும் வெளியேற்றமும் வரும், பள்ளிக்கும் கெட்ட பெயர். நேபாளத்தில் இந்தத் தலைவலி நமக்கு இல்லை என்பது பெரிய ஆறுதல்.

பழக வேண்டியவை அங்கே எளியவையும் உண்டு, உறுத்துபவையும் உண்டு. சனிக்கிழமையே வார விடுமுறையாக நெடுங்காலம் இருந்துவரும் நாடு அது. ஞாயிறு காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது உடம்பு முரண்டு பிடிக்கும். அங்கே வழங்கும் விக்ரம் ஆண்டுக்கணக்கு நம் காலண்டரைவிட 56, 57 ஆண்டுகள் முன்னே ஓடுகிறது. புத்தாண்டு நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வருகிறது, பள்ளி ஆண்டும் அப்போதுதான் தொடங்குகிறது. ஆகவே அங்கே போகிறவர் பங்குனியிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஐப்பசியை ஒட்டிய தசைன் பண்டிகைக்குப் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிவிடும் என்பது தெரியாமல் செப்டம்பரில் இரண்டு மாதத்துக்குப் போகிறவர் பாதி நாளைப் பூட்டிய பள்ளிக்கு வெளியே கழிப்பார். 'ஜூட்டோ' என்ற வழக்கம் நமக்கு விளக்காமலே புரியும், அது நம் எச்சில்தான். தட்டில் தொட்ட கரண்டியைப் பாத்திரத்தில் விடக்கூடாது. கணித ஆசிரியைக்கு உள்ள கூடுதல் வேலை, அங்குள்ள பாடநூல்களில் எண்களும் தேவநாகரியில் இருக்கும் என்பது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, "கூர்க்கா" என்றால் இரவில் விசிலடித்துக்கொண்டு தெருவில் வருகிறவர் என்று நம் தலையில் பதிந்திருக்கும் படத்தைச் சென்னையிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே கோர்க்கா என்பது ஒரு மாவட்டத்தின் பெயர். அந்நாட்டை ஒன்றிணைத்த அரசமரபு புறப்பட்ட இடம். நம்மிடம் படிக்கும் பிள்ளையின் மாமாவே சௌகார்பேட்டையில் காவல்வேலை பார்ப்பவராக இருக்கக்கூடும். அவரை இங்கே நாம் எப்படி விளித்தோம் என்பது அங்கே நினைவுக்கு வரும்.

என் மனம் சாய்வது இலங்கையின் மலையகத்துப் பக்கம். நுவரெலியா, அட்டன், பண்டாரவளை, பதுளைப் பகுதிகளின் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் தமிழ்வழிப் பள்ளிகள். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஆசிரியர் போதவில்லை என்ற குறை அங்கே நெடுநாளாக உண்டு. கணிதம் படித்த தமிழ்ப்பெண் ஒருத்தி அங்கே போனால் நான்காம் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் திங்கட்கிழமையே கரும்பலகையில் கோணங்களை வரையத் தொடங்கலாம். சொற்கள் சில மாறும்: தலைமையாசிரியர் அங்கே அதிபர், எட்டாம் வகுப்பு என்பது தரம் 8, காய்கறி என்பது மரக்கறி, குடியிருப்பு வரிசை என்பது லயம். இவற்றை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம்.

ஆனால் ஒரே மொழி என்பதாலேயே அங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. வேற்றுமொழி நாட்டில் நாம் எச்சரிக்கையோடு நடப்போம். நம்மவர் என்று நினைக்குமிடத்தில் வாய் தாராளமாக ஓடும். "நீங்க எப்போ இந்தியாவிலிருந்து வந்தீங்க?" என்று ஒரு மாணவனைக் கேட்டால் அது புண்ணில் வேல் பாய்ச்சுவது. அவன் முன்னோர் தோட்ட வேலைக்காக அங்கே போய் 200 ஆண்டுகள் ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று அவர்களைக் கேட்காமலே பங்கிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது, பழைய விசாரணை ஒன்றை மறுபடி தொடங்குவதுபோல ஆகிவிடும். இதை எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு விளக்குவது கடினமில்லை. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழ்தான் பேசினார்கள், தெருவில் "பர்மாக்காரங்க" என்றுதான் அழைக்கப்பட்டார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிடும் கூட்டத்தில் இன்று யாரும் அவர்களைப் பிரித்துப் பார்ப்பதில்லை, ஆனால் அந்த நிலை வருவதற்கு இரண்டு தலைமுறை ஆனது.

மலையகத்தின் குறை நடைமுறையில் இருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றே கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் அரசுப் பாடசாலையில் கற்பிக்கக் கல்வித்துறையின் அனுமதியும், தங்குவதற்கு வதிவிட விசாவும் வேண்டும். அங்குள்ள பதிவுபெற்ற தொண்டு அமைப்பு ஒன்று அழைப்புக் கொடுத்து முன்நின்றால் ஒழிய இது நகராது. மாதங்கள் கரையும். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளையும் இந்தக் காரணத்தால் நாங்கள் யோசித்து விட்டுவிட்டோம். 1816இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க் கல்வி அங்கே 500க்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளாக வளர்ந்து, அந்நாட்டு ஆசிரியர்களாலேயே நடத்தப்படுகிறது. நாம் போய்த் தாங்க வேண்டிய சுவர் எதுவும் அங்கே சாய்ந்து கிடக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு நான் அவள் முன் வைத்த இடம் செங்குன்றம். அவள் சிரித்தாள். "வெளிநாடுன்னு கேட்டா ரெட்ஹில்ஸ் பஸ்ல ஏத்தி விடுறியே சித்தி."

மூலக்கடை, மாதவரம் வழியாகத் தண்டையார்பேட்டையிலிருந்து சேர்ந்துவிடக்கூடிய அந்தப் பகுதியைச் சுற்றியும், அதற்கு அப்பால் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ள செங்கல் சூளைகளுக்குப் பொங்கலை ஒட்டி ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். பலாங்கீர், நுவாபடா போன்ற வறண்ட மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். முன்பணம் வாங்கியிருப்பார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் காயவைத்த கல்லைப் புரட்டிப்போடக் குழந்தையின் கையும் வேலைக்கு ஆகிறது. மழைக்காலம் நெருங்கும்போது திரும்பிவிடுவார்கள். ஆண்டில் பாதி இங்கே, பாதி அங்கே என்பதால் இரண்டு ஊர்ப் பள்ளிகளிலும் அந்தப் பிள்ளைகளின் பெயர் நிலைப்பதில்லை. இவர்களுக்காக ஒடியாப் பாடநூல்களை வரவழைத்து, சூளைக்கு அருகிலேயே பணியிடப் பள்ளிகள் இம்மாவட்டத்தில் நடத்தப்பட்டிருக்கின்றன. ஒடியா தெரிந்த ஒருவருக்குத் துணையாக, கணிதம் மட்டும் எடுக்கும் தன்னார்வலருக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது.

மொழி தெரியாத, எழுத்துத் தெரியாத, சாப்பாட்டு முறை வேறான வகுப்பறை ஒன்றில் நிற்பது தனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பதை அவள் அங்கே பேருந்துக் கட்டணச் செலவில் தெரிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் காத்மாண்டுவில் அழ வேண்டியதில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்று பாதியில் நிற்கக் கூடாது, சூளைப் பருவம் முழுவதும் போக வேண்டும் என்பதை நிபந்தனையாகவே சொன்னேன், "எத்தன நாளு?" என்ற கேள்வி ஒடியாவிலும் இருக்கும். மாலை நேரம் மட்டுமே ஒதுக்க முடிகிறவர்கள், 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியைப் போலத் தெருவிலேயே ஒன்றரை மணி நேரம் எடுக்கும் வகுப்புகளில் சேரலாம். இரண்டாண்டு முழுநேரமாகத் தர இயன்றவர்களுக்கு டீச் ஃபார் இந்தியா ஊதியத்தோடு பயிற்சியும் தருகிறது, அது சென்னையிலும் இயங்குகிறது. என் அக்கா மகளுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை; ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது.

எங்களுக்குள் கருத்து மாறுபட்டது மலையகம் பற்றித்தான். "அங்க போனா நான் மாற வேண்டியதே இல்லையே சித்தி. இங்க எடுக்குற மாதிரியேதான் அங்கயும் எடுப்பேன்" என்றாள். நேபாளத்தின் மேல் அவளுக்கு ஆசை. மறைக்காமல் சொன்னாள் என்பதால் நானும் மறைக்காமல் சொன்னேன்: நீ மாறுவதற்காக ஒரு வகுப்பு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்றால், அதன் பிறகு குறைந்தது எட்டு மாதமாவது அந்த வகுப்புக்கு நீ திருப்பிக் கொடுக்க வேண்டும். அதாவது நேபாளம் என்றால் ஓராண்டு, ஒரு நாள் குறையாமல். மலையகம் என்றால் ஆறு மாதம்கூடப் பயனுள்ளது. அவளுடைய ஒன்றே கால் லட்சம் இரண்டில் எதற்கும் போதும், இரண்டுக்கும் போதாது.

பிறகு அவளே ஒரு கடிதம் எழுதினாள். நான்கு கேள்விகள். இந்த வகுப்பை எனக்கு முன்பு யார் எடுத்தார், நான் போன பிறகு யார் எடுப்பார்? எந்த விசாவில், யாருடைய அனுமதியோடு நான் வகுப்பறையில் நிற்பேன்? நான் கொடுக்கும் பணம் ஏதாவது இருந்தால் அது யார் கைக்குப் போகிறது? குழந்தைகளோடு என்னை விடுவதற்கு முன்பு என்னைப் பற்றி நீங்கள் எதை விசாரிப்பீர்கள்? கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான். காவல்துறைச் சான்று கேட்காமல், பேசிக்கூடப் பார்க்காமல், பணம் கட்டியதும் வரவேற்கிற இடம் நாளை வேறு எவரையும் அப்படியே வரவேற்கும்.

ஐந்து இடங்களுக்கு அனுப்பினாள். மூன்று இடங்களிலிருந்து கட்டணப் பட்டியலும் தங்கும் அறையின் படமும் வந்தன. நேபாளத்தின் மலைக் கிராமப் பள்ளி ஒன்று, கணிதத்துக்கு ஏற்கெனவே ஆசிரியர் இருக்கிறார், ஆங்கிலம் பேசப் பழக்க ஆள் வந்தால் போதும் என்று நேர்மையாக எழுதியது. ஐந்தாவது, மலையகத்தில் பாடசாலைகளோடு வேலை செய்யும் ஒரு சிறிய அமைப்பு. கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஓராண்டாகிறது, தரம் 8க்கும் 9க்கும் ஆளில்லை, புதியவர் நியமிக்கப்படும் வரை இருப்பதானால் கல்வித்துறைக்கு எழுதுகிறோம், மூன்று மாதத்துக்கென்றால் வரவேண்டாம் என்று அவர்கள் பதிலில் இருந்தது. அந்தக் கடைசி வரியை அவள் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

இப்போதைக்கு முடிவு இப்படி: தை பிறந்ததும் செங்குன்றத்துச் சூளைப் பள்ளிக்கு வாரம் ஐந்து நாள் போவது, அதற்குள் மலையகத்து அனுமதி வந்தால் சூளைப் பருவம் முடிந்த பிறகு அங்கே ஓராண்டு, வராவிட்டால் அடுத்த சித்திரைக்கு நேபாளம், ஆனால் கணிதம் தேவைப்படும் பள்ளி கிடைத்தால் மட்டும். ஆப்பிரிக்க ஆசையை அவள் முழுதாக விட்டுவிடவில்லை. என்றைக்காவது கென்யாவுக்கோ உகாண்டாவுக்கோ போனால், திரும்பி வரும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்திவிடுவார்கள் என்றும், அந்த ஊசியை நம் ராஜாஜி சாலையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலேயே போடுகிறார்கள் என்றும், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அட்டை செல்லும் என்றும் அவள் அப்பாதான் தகவல் சொன்னார். அவருக்கு இதில் இவ்வளவு அக்கறை இருப்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டாள். காவல்துறைச் சான்றுக்கு மட்டும் இப்போது அவசரப்பட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் பழைய சான்றைப் பல இடங்களில் ஏற்பதில்லை.